பிரேதப் பரிசோதனையும் தலைவிதியும்

புகுந்த வீட்டில் ஒரு பெண் தீப்பட்டுச் செத்தால் "ஸ்டவ் வெடித்தது, அவள் விதி முடிந்தது" என்பார்கள். தூக்கில் தொங்கினால் "தீராத வயிற்றுவலி" என்பார்கள். கிணற்றில் மிதந்தால் "பேய் இழுத்துக்கொண்டது" என்பார்கள். உடனே நாலு பெரிய மனிதர்கள் கூடி, "பிரேதத்தை அறுக்க விடாதீர்கள், ஆத்மா சாந்தியடையாது" என்று உபதேசித்து, பொழுது விடிவதற்குள் எரித்துவிடப் பார்ப்பார்கள். இந்த அவசரத்தால் லாபம் ஆத்மாவுக்கா, கொன்றவனுக்கா என்று நாம் கேட்கின்றோம்.

அறுத்துப் பார்ப்பதால் தெரிவதென்ன? உயிரோடு தீயில் சிக்கியவர் புகையை மூச்சில் இழுத்திருப்பார். ஆகவே மூச்சுக்குழாயில் கரி படிந்திருக்கும். இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். கொன்றபின் எரித்த பிணத்திற்கு மூச்சேது, கரியேது? தானே தூக்கிட்டுக்கொண்டவர் கழுத்தில் கயிற்றுத் தடம் பெரும்பாலும் மேலேறிச் சாய்ந்திருக்கும். பிறர் இறுக்கியிருந்தால் கழுத்தைச் சுற்றிக் கிடையாக ஓடும். விஷமென்று சந்தேகமிருந்தால் இரைப்பையும் கல்லீரலும் சிறுநீரகமும் இரசாயனப் பரிசோதனைக்குப் போகும்.

செத்த நேரத்தையும் பிணமே சொல்லும். உடற்சூடு ஆறுகின்றது. விறைப்பு முகத்தில் தொடங்கிச் சுமார் 12 மணி நேரத்தில் உடலெங்கும் பரவி, பிறகு தளருகின்றது. இரத்தம் தாழ்ந்த பக்கம் இறங்கி, பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்திற்குள் அங்கேயே நீலமாய் நிலைத்துவிடுகின்றது. முதுகெல்லாம் நீலம் நிலைத்த பிணம் கயிற்றில் தொங்கினால், செத்து மல்லாந்து கிடந்ததைப் பின்னால் யாரோ தொங்கவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இதிலும் வைத்தியர் "இந்த மணியிலிருந்து இந்த மணிக்குள்" என்றுதான் சொல்வார். வெயிலும் காற்றும் உடுப்பும் கணக்கை மாற்றும் என்று ஒப்புக்கொள்வார். ஆயுளை நாழிகை சுத்தமாய்க் கணிப்பதாகச் சொல்லும் ஜோசியரோ, செத்தவன் ஜாதகத்தை வைத்துக்கொண்டு அவன் எப்போது, எதனால் செத்தான் என்று ஒரு கோர்ட்டிலாவது கூண்டேறிச் சொல்லி, குறுக்கு விசாரணைக்கு நிற்கட்டுமே!

சாஸ்திர விரோதம் என்கிறார்களே, பிணத்தைச் சோதித்து உடலறிவு பெறும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கின்றது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் பார்த்த மதுசூதன குப்தர் ஆயுர்வேதம் கற்ற பண்டிதர்தான். சற்று நேரத்தில் நெருப்பில் போட்டுச் சாம்பலாக்கப்போகும் உடலைக் கத்தி தொட்டால் மட்டும் மோட்சக் கதவு அடைபடும் என்பது என்ன நியாயமோ?

2003இல் விருத்தாசலம் பக்கத்தில் சாதி மாறி மணந்துகொண்ட இருவரை விஷம் புகட்டிக் கொன்று உடல்களையும் எரித்தார்கள். அந்த வழக்கில் கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2021இல்! சாம்பல் சாட்சி சொல்லாது என்பது கொலைகாரனுக்குத் தெரிந்திருக்கின்றது, நமக்குத்தான் தெரியவில்லை.

மணமாகி ஏழு ஆண்டிற்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலும், சந்தேகத்திற்கிடமாக இறந்தாலும், அவள் உறவினர் கேட்டாலும் பிரேதத்தைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டுமென்று சட்டமே சொல்லுகின்றது. ஆகவே தோழர்களே! உங்கள் ஊரில் சந்தேகச் சாவு நேர்ந்தால், சிதையில் தீ வைக்குமுன் போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். செத்தவளுக்கு இனி வாயில்லை. அவளது உடல் ஒன்றுதான் பேசும். அதையும் பேசவொட்டாமல் தடுப்பதற்குப் பக்தி என்று பெயரிட்டால் நாம் ஒப்பமாட்டோம்.