செலவும் செலவும்

பழந்தமிழிலே 'செலவு' என்பது பயணத்தைக் குறித்த சொல். இன்று அது பணம் கழிவதைக் குறிக்கின்றது. கண்டி நகரில் என்னோடு கற்பிக்கும் ஆசிரியர் சிலர், சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் ஆண்டிறுதி விடுமுறைக்கு உல்லாசக் கப்பலேறித் தீவுகள் சிலவற்றைக் கண்டு வரலாமென எண்ணி, வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பர ஏடுகளை என் முன் பரப்பி, "ஐயா, எந்தத் தீவைத் தெரிவது?" என வினவியபோது, அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே என் நினைவில் எழுந்தன.

ஏடுகள் யாவும் ஒரே காட்சியையே காட்டின. நீலக் கடல், வெண்மணல், சாய்ந்த தென்னை. மாலைத்தீவோ மேற்கிந்தியத் தீவோ, படத்திலே வேறுபாடு இல்லை. தீவில் வாழும் மனிதர் ஒருவரின் முகத்தையேனும் யான் அவற்றிற் கண்டிலேன். கப்பலோ பக்கந்தோறும் இருந்தது. 2024 சனவரியில் முதற் பயணம் தொடங்கிய 'ஐகன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பல் ஏறத்தாழ 365 மீற்றர் நீளமுடையது. 7,000 பேருக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்க வல்லது. அது கப்பலன்று, மிதக்கும் நகரம். கப்பற் குழுமங்கள் சில பகாமாசு நாட்டிலே தம் பயணிகளுக்கென்றே தீவுகளை ஒதுக்கி வைத்துள்ளன. அங்கு இறங்குபவர் பெரிதும் காண்பது தம்மோடு வந்த பயணிகளையே. அதற்கோ இத்துணைத் தொலைவு செல்வது?

ஆகலின், தீவைத் தெரிய விழைவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, கரையிலே எத்தனை மணி நேரம்? பெருங்கப்பல் எல்லாத் துறைகளிலும் அணையாது. பல இடங்களில் அப்பால் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் மக்களை இறக்கும். ஏறவும் இறங்கவும் கழியும் பொழுதைக் கழித்தால், 'ஒரு நாள்' என அச்சிட்டிருப்பது அரை நாளாகச் சுருங்கிவிடும். கரையிற் சுற்றிப் பார்க்கும் கட்டணமும் பெரும்பாலும் தனியே பெறப்படும்.

இரண்டாவது, எந்தப் பருவம்? மேற்கிந்தியத் தீவுகளுக்கு யூன் முதல் நவம்பர் வரையும், மொரிசியசுத் தீவைச் சூழ்ந்த கடலுக்கு நவம்பர் முதல் ஏப்பிரல் வரையும் சூறாவளிக் காலம். கட்டணம் குறைவென்று மகிழுமுன் நாட்காட்டியைப் பார்த்தல் நன்று.

மூன்றாவது வினாவே தலையாயது. அத்தீவில் நாம் யாரைக் காணப் போகின்றோம்?

விளம்பர ஏடுகளில் வரும் மொரிசியசு, ரீயூனியன், மார்த்தினிக்கு, குவாதலூப்பு ஆகிய தீவுகள் நமக்கு அயலானவை அல்ல. 19ஆம் நூற்றாண்டிலே கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டு செல்லப்பட்ட தீவுகள் அவை. மொரிசியசிலே தைப்பூசம் அரசு விடுமுறை நாள்; அந்நாட்டுப் பணத்தாளிலே தமிழ் எழுத்து உண்டு. குவாதலூப்பிலே மாரியம்மன் வழிபாடு இன்றும் நிகழ்கின்றது. அங்குள்ளோர் சமைக்கும் மசாலைக் கறிக்குக் 'கொலம்போ' என்று பெயர். அதனைக் குழம்பு என்னும் நம் சொல்லோடும் கொழும்பு நகரின் பெயரோடும் இணைத்துப் பேசுவர்.

அவர்கள் கரும்புக்குச் சென்ற அதே நூற்றாண்டிலேதான் நம் முன்னோர் கோப்பிக்காகக் கண்டிச் சீமைக்கு வந்தனர். கடற்செலவு மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பியச் சூத்திரமொன்றுக்குக் கூறப்படும் உரை. பஞ்சம் அவ்விதியை முறித்தது. பெண்டிர் கைக்குழந்தையோடு தோணியேறினர். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக் காட்டு வழியே கால்நடையாக மலையேறினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாத்திரி ஒப்பந்தத்தின் பின்னரோ, அவர்தம் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரிலே மீண்டும் கப்பலேறினர். தொடக்கப் பள்ளியில் என்னருகே இருந்த தோழன் ஒருவன் அவ்வாறு சென்றவன். தன் சிலேற்றுப் பலகையை என்னிடம் தந்துவிட்டுப் போனான். 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றது. அவன் கண்ட கடல் எந்த விளம்பர ஏட்டிலும் இல்லை.

"ஓய்வுக்குப் போகிறவர் தலையில் வரலாற்றுச் சுமையை ஏன் ஏற்றுகிறீர்?" என ஓர் இளம் ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. ஆண்டு முழுதும் பிள்ளைகளோடு மாரடித்தவர் கப்பலின் மேற்றளத்தில் அமர்ந்து காற்று வாங்குவதை யான் குறை கூறேன். ஆயினும் காற்று வாங்க நமக்குக் கண்டிக் குளக்கரையும் உடவத்தைக் காடும் உள்ளன. கடல் கடந்து செல்வது, அக்கரையில் ஒருவரைக் கண்டு "நலமோ?" என வினவுவதற்காகவேனும் இருத்தல் வேண்டும்.

எனவே யான் கூறிய தெரிவு இது. முதலில் குறிகட்டுவான் துறையிலே படகேறுங்கள். மணிமேகலை கூறும் மணிபல்லவம் என அறிஞர் பலர் கருதும் நயினாதீவைக் காணுங்கள். நாகபூசணி அம்மனைத் தொழும் தமிழரும், நாகவிகாரைக்குச் செல்லும் நம் கண்டிச் சிங்கள அயலவரும் அங்கே ஒரே படகிலே செல்வர். அடுத்து நெடுந்தீவின் பவளக்கல் மதில்களையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் பாருங்கள். வழியிலே ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிலும் சற்றே நில்லுங்கள். உலகெங்கும் சென்று 'ஒன்றே உலகம்' என எழுதிய தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர் அது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். ஆகலின் மார்கழியை விடுத்துச் சித்திரை விடுமுறையிற் செல்லுங்கள்.

சீட்டுப் பணம் மேலும் சேர்ந்தால் மொரிசியசுக்குச் செல்லுங்கள். போர்ட் லூயிசிலே ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறையின் கற்படிகள் இன்றும் உள்ளன. 2006இல் அத்துறை உலக மரபுரிமைத் தலமாயிற்று. அப்படிகளில் ஒரு நாழிகை நில்லுங்கள். கப்பல் சங்கூதினாலும் விரைந்து திரும்பாதீர்கள்.

அவ்வாறு சென்று வருவது பழந்தமிழ்ச் செலவு. மற்றையது வெறுஞ் செலவே.