ஆபரேஷன் முடிந்த பிறகும் மூச்சு விடணுமே!

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தால் பேப்பரில் போட்டோவோடு செய்தி வரும். நோயாளி கையசைத்தபடி வீட்டுக்குப் போவார். அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் பாதிக் கதைதான் முடிந்திருக்கும்.

புது நுரையீரலைப் பொருத்தும்போது மூச்சுக்குழாயை மூச்சுக்குழாயோடு சேர்த்துத் தைக்கிறார்கள். ஆனால் அந்தக் குழாய்க்கு ரத்தம் கொண்டு போகும் சின்னத் தமனிகளைப் பெரும்பாலும் மறுபடி இணைப்பதில்லை. அதனால் தையல் போட்ட இடத்துக்கு முதல் சில வாரங்கள் ரத்தம் குறைவு. சிலருக்கு அங்கே தழும்பு வளர்ந்து வழி சுருங்கிவிடுகிறது. 1963இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி முதல் முறை செய்தபோது நோயாளி வாழ்ந்தது 18 நாள். அதற்குப் பின் 20 வருஷம் டாக்டர்களைத் தோற்கடித்த காரணங்களில் இந்தத் தையலும் முக்கியமானது. 1983இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் குழுதான் முதலில் நீண்ட நாள் வெற்றி கண்டது.

இன்று இதற்கு வைத்தியம் இருக்கிறது. பிராங்கோஸ்கோப் குழாயை உள்ளே விட்டு, பலூனை ஊதி வழியை விரிக்கிறார்கள். மறுபடி சுருங்கினால் மறுபடி பலூன். அதுவும் போதாவிட்டால் ஸ்டென்ட். உலோக ஸ்டென்டைச் சுற்றிச் சதை வளர்ந்தால் எடுப்பது பெரும்பாடு. சிலிக்கான் ஸ்டென்டை எடுத்துவிடலாம், ஆனால் இடம் நகரும், சளி அடைக்கும். ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை இது.

இப்போது ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு நோயாளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லேசாக இளைக்கிறது. சளியா, கிருமியா, உடல் நிராகரிக்கிறதா, குழாய் சுருங்குகிறதா? பார்க்காமல் சொல்ல முடியாது. பஸ் பிடித்து விருத்தாசலம், அங்கிருந்து ரயிலில் சென்னை. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அந்தக் கூட்டத்தில் போக வேண்டும். "அடுத்த வாரம் போகலாம்" என்று தள்ளிப்போட்டால் ஆபத்து.

விருத்தாசலத்தில் செராமிக் சூளை வைத்திருப்பவரைக் கேளுங்கள். சூளை கட்டுவது ஒரு தடவைச் செலவு, எரிபொருள் மாசாமாசம் என்பார். அறுவைக்கு நிதி ஒதுக்கும்போதே பிந்தைய சிகிச்சைக்கும், பயணத்துக்கும், வீட்டில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டருக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். முதல் பரிசோதனையைச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே செய்து, சென்னை டாக்டரிடம் போனில் பேசி, தேவைப்பட்டால் மட்டும் அனுப்பலாமே.

தானமாகக் கிடைத்த நுரையீரல் அது. ஒரு குடும்பம் அழுதுகொண்டே கொடுத்தது. பஸ் செலவுக்குப் பயந்து அதை இழக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.