அசதிக்கும் வீடு தேடி வரட்டும்

பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். டெங்குக் காய்ச்சல் வந்து போன பிறகு ஒட்டிக்கொண்ட அசதி இன்னும் விடவில்லை. தூங்கி எழுந்தாலும் தீராது. தெம்பாக இருக்கிறதே என்று ஒருநாள் வீட்டைக் கழுவி, துணி துவைத்து, ரேஷன் கடைக்கும் போய்வந்தால் மறுநாள் எழுந்து உட்காரவே முடியாது.

எங்கள் ஊரில் அசதி என்றதும் ரத்தம் கம்மி என்பார்கள். இல்லாவிட்டால் ஃபுளோரைடு தண்ணீர். தர்மபுரி மாவட்டத்தில் இரண்டும் உண்மையே. ஆனால் எனக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாமே சரியாக இருந்தன. உடனே பேச்சு மாறியது: "ரிப்போர்ட்டு நல்லாத்தான இருக்குது, அப்புறம் என்ன படுக்கை?"

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர் சுமார் 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. ஏறத்தாழ எட்டில் ஒரு பெண்ணுக்கு நாட்பட்ட அசதி. ஹீமோகுளோபின் அளவோடு அதற்குத் தொடர்பு தென்படவில்லை. வறுமை, கணவனின் வன்கொடுமை, வீட்டில் ஆதரவின்மை ஆகியவற்றோடு இருந்தது. அதற்காக இது வெறும் மனப்பிரமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. காய்ச்சலுக்குப் பின் உடம்பே இப்படி ஆகிவிடுவதும் உண்டு. நாட்பட்ட சோர்வு நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2021இல் சொன்னது. எண்ணம், நடத்தை சார்ந்த கவுன்சலிங் நோயைத் தீர்க்காது, நோயோடு வாழ உதவலாம் என்றும் சொன்னது.

எனக்குக் கவுன்சலிங் உதவியது. என்ன வேலை செய்தேன், மறுநாள் எப்படி இருந்தேன் என்று நோட்டில் எழுதச் சொன்னார் கவுன்சலர். இப்போது களி கிண்டும் நாளில் துணி துவைப்பதில்லை. களைப்பு வருமுன்பே உட்கார்ந்துவிடுகிறேன். என் மாமியாரையும் ஒருமுறை கூட்டிவரச் சொன்னார். அன்றைக்குப் பிறகுதான் நான் பகலில் படுத்தால் வீட்டில் பாத்திரம் சத்தமாக விழுவது நின்றது. மாத்திரை எதுவும் இதைச் செய்திருக்காது.

ஆனால் கவுன்சலரைப் பார்க்கத் தர்மபுரி டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். போய்வந்த அலைச்சலே என்னைப் படுக்கவைக்கும். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது. பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கிறது. அதில் கவுன்சலரையும் சேர்க்க வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, உண்மைதான். மாமியாரும் கணவரும் பிள்ளைகளும் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் ஒரு பெண் போனில் எதைப் பேசுவாள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள், கதவு சாத்திய ஓர் அறையில், கவுன்சலர் உட்காரட்டும். அங்கே நடந்துவர முடியாதவர்கள் வீட்டுக்கு அவரே போகட்டும்.