ஆள் குறைந்த காலத்தில் கூலி ஏன் ஏறவில்லை?

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வரும் தமிழக முதல்வரும் அடுத்தடுத்த நாட்களில் பிள்ளைப்பேறு பற்றி மேடையில் பேசினார்கள். கேரளத்தில் பிள்ளைப்பேறு குறைகிறதே என்ற கவலை இன்னும் பழையது. ஆள் பெருகினால் வறுமை, ஆள் குறைந்தால் உழைப்பவனுக்கு மதிப்பு என்று தலைக்கணக்கை மட்டும் வைத்துப் பேசுவது எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது. திருவனந்தபுரத்துக் கரமனையில் உட்கார்ந்து இதழ் நடத்தும் நமக்கு அது எளிதாக இருக்கக் கூடாது. இந்த மண்ணின் பழைய கணக்கு வேறொன்றைச் சொல்கிறது.

1816இல் எடுத்த கணக்கின்படி திருவிதாங்கூர் முழுவதற்கும் மக்கள்தொகை 9,06,587. இன்று திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே ஏறக்குறைய அத்தனை பேர் இருக்கிறோம். அன்றைய கணக்கில் விடுபட்டவர்கள் பலர் இருப்பார்கள். ஆனாலும் காடும் சதுப்பும் தரிசும் மிகுந்து, உழக் கை போதாத நாடு அது என்பதில் ஐயமில்லை.

மக்கள்தொகை பற்றி மால்தஸ் 1798இல் எழுதிய நூலின் தர்க்கப்படி அப்படிப்பட்ட நாட்டில் உழைப்பவன் நன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் அப்படி நடந்ததும் உண்டு. 1348இல் வந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோனது. பிழைத்தவர்களின் கூலி ஏறியது. பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று 1351இல் சட்டம் போட்டும் நிலக்கிழார்களால் அதை நெடுநாள் அடக்கிவைக்க முடியவில்லை.

இங்கே அடக்கிவைக்க முடிந்தது. 1836இன் கணக்கில் திருவிதாங்கூர் மக்கள் 12,80,668 பேர். அவர்களில் அடிமைகள் 1,64,864 பேர். எட்டில் ஒருவர். புலையர், பறையர், குறவர் என்று பிறந்தவர்களை நிலத்தோடு சேர்த்தும், நிலமில்லாமல் தனியாகவும் விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள், பாட்டத்துக்கு விட்டார்கள். அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளில் இப்படி ஆள் விற்ற பத்திரங்கள் இருக்கின்றன. கவிமணி தேடிப் பார்த்து, அ. கா. பெருமாள் விரிவாக ஆராய்ந்த ஓலைகள் அவை. நாஞ்சில் நாட்டின் இரு நெற்போகங்களான கன்னிப்பூவும் கும்பப்பூவும் யார் முதுகின்மேல் விளைந்தன என்பதற்கு அவற்றைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. சும்மா கிடக்கும் நிலம் நிறைய இருந்தால் எவனும் இன்னொருவன் வயலில் குனிய மாட்டான். தனக்கென்று ஒரு துண்டைத் திருத்திக்கொள்வான். நிலக்காரனுக்கு ஆள் வேண்டுமென்றால் ஆளைக் கட்டிவைத்தாக வேண்டும். ரஷ்யப் பண்ணையடிமை முறையைப் பற்றி எவ்சி டோமர் என்ற பொருளியலாளர் 1970இல் சொன்னதும் இதுதான். ஆள் பஞ்சம் ஓரிடத்தில் கூலியை ஏற்றுகிறது; இன்னோரிடத்தில் சங்கிலியை இறுக்குகிறது. எது நடக்கும் என்பதைத் தலைக்கணக்கு முடிவு செய்வதில்லை. இங்கே சாதி சங்கிலியின் வேலையைச் செய்தது; ஊழியம் என்ற அரசின் கட்டாய வேலை அதற்குத் துணை நின்றது.

நம் ஊரையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கரமனையாற்றங்கரையில் குடியேறிய பிராமணக் குடும்பங்களுக்கு அரசின் ஊட்டுபுரைகள் இலவசமாகச் சோறு போட்டன. நாஞ்சில் நாட்டு நெல் வண்டி வண்டியாகக் கரமனை வழியே சாலைக் கடைத்தெருவுக்குப் போனது. அந்த நெல்லை விளைவித்தவருக்கு அந்தத் தெருவில் நடக்க உரிமை இல்லை. அக்கிரகாரங்களின் பழமையைப் பெருமையாகப் பேசும் நாம் இந்தப் பாதியையும் பேசியாக வேண்டும்.

1855இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1875இன் மக்கள் கணக்கு 23,11,379. 1931இல் ஐம்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. எண்ணும் முறை திருந்தியது ஒரு பங்கு. அம்மைப்பால், அரசு நிலத்துக் குத்தகைக்காரருக்கு நில உரிமை தந்த 1865இன் பண்டாரப்பாட்ட விளம்பரம், பேச்சிப்பாறை அணை எல்லாம் சேர்ந்தது மறுபங்கு. மன்னர் விசாகம் திருநாள் காலத்தில் (1880-85) ஊக்கம் பெற்ற மரச்சீனிக்குத் தனி இடம் உண்டு. நெல் விளையாத மேட்டுப் பறம்பில், தண்ணீர் பாய்ச்சாமல், ஏழையின் அடுப்புக்கு வந்த கிழங்கு அது. ஆனாலும் அரிசிக்கு வெளியூரை நம்பியிருந்த நாடு 1942இல் பர்மா வீழ்ந்ததும் தடுமாறியது. சேர்த்தலையில் கயிறு திரித்தவர்கள் பட்டினியில் மடிந்தார்கள்.

இந்த வரலாற்றில் கூலிக்காரனின் கை முதன்முதலாக உயர்ந்த இடம் கரமனையிலிருந்து வெகுதூரமில்லை. வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புலையப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்றார். வயல்கள் புல் மண்டிக் கிடந்தன. உழைத்தவர்கள் பட்டினி கிடந்தார்கள், ஆனால் இறங்கவில்லை. 1836இல் இல்லாத பேரம் அன்று எப்படி வந்தது? மக்கள்தொகை குறைந்ததால் அல்ல. அதற்குள் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. வேலைக்கு வர மறுக்கும் உரிமையும், சேர்ந்து மறுக்கும் துணிவும் வந்திருந்தன. இன்று இந்தியாவிலேயே அதிகமான நாட்கூலி கேரளத்தில் கிடைப்பதற்கும் வேர் அங்கே இருக்கிறது.

ஆகவே, பிள்ளை பெறச் சொல்லும் பேச்சைவிட நமக்கு அவசரமானது வேறு. வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இந்த நகரத்தைக் கட்டுகிறவர்களை 'அதிதி தொழிலாளி', அதாவது விருந்தினத் தொழிலாளி, என்கிறோம். அவர்களுக்குச் சங்கத்தில் இடம் உண்டா, ரேஷன் உண்டா, அவர்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியில் பெஞ்சு உண்டா என்று கேட்க வேண்டும். ஆள் போதாத ஊரில் உரிமையில்லாத ஆளை நிரப்பிக்கொள்வது நமக்குப் புதிதல்ல என்பதால் கேட்கிறோம்.

அடுத்த இதழில் தென் திருவிதாங்கூர் அடிமை ஓலைகளைப் பற்றித் தனிப் பகுதி வருகிறது. வட்டெழுத்தும் மலையாண்மையும் வாசிக்கத் தெரிந்த நண்பர்கள், நெல் விலை, கூலி, ஆள் விற்பனை குறித்த ஏடுகள் வீட்டுப் பரணில் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து எழுதுங்கள்.