துப்பட்டாவைக் கட்டினால் எலும்பு பலமாகுமா?

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 52 வயது. 'தொடையில பட்டை கட்டிக்கிட்டு எக்சர்சைஸ் செஞ்சா எலும்பு தேயாதாம்' என்று யாரோ சொல்ல, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏற ஆரம்பித்து விட்டார்!

அந்தப் பயிற்சி ஒன்றும் பொய்யல்ல. ஜப்பானில் யோஷியாகி சாட்டோ என்பவர் உருவாக்கியது. 'காட்சு' என்று பெயர். கை, தொடையின் மேல்பகுதியில் காற்றடைத்த பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தைச் சற்றே குறைத்து, லேசான எடை தூக்குவார்கள். ஒருவரால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 20 முதல் 30 சதவீதமே போதும், தசை பலப்படும். மூட்டு வலியால் கனம் தூக்க முடியாதவர்களுக்கு இது நல்ல விஷயம்தான். ஆனால், எலும்பும் கெட்டிப்படுமா என்பதற்கு ஆராய்ச்சிகள் இன்னும் உறுதியான பதில் தரவில்லை.

பட்டையின் அழுத்தத்தை ஆளுக்குத் தகுந்தபடி அளந்து வைக்க வேண்டும். துப்பட்டாவுக்கு அளவு ஏது? ரத்தக் கொதிப்பு இருப்பவர்களும், காலில் ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்வதே நல்லது.

மாதவிலக்கு நின்றபின் நமக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. நாமோ பாலை எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, மிச்சமிருக்கும் டிகாஷனைக் குடிக்கிறோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதைச் சாப்பிட்டு, கொஞ்சம் வெயிலில் நடந்து, முடிந்த எடையைத் தூக்கிப் பழகலாமே. இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் நம்மைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? யோசியுங்கள் தோழிகளே!

- ஒரு வாசகி, மதுரை.