கோணாத மூலை

நான்கு பலகைகளைச் சேர்த்து ஒரு பெட்டி செய்வது சுலபமான காரியம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இருக்கும். அறுப்பும் சுத்தமாக இருக்கும். ஆயினும் பசை தடவி இறுக்கியதும் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஈரப்பசை வழுக்குவதே காரணம். அவ்வேளையில் மூலையைப் பிடித்து நிறுத்த மூன்றாவது கை ஒன்று வேண்டும். அதை நாமே செய்துகொள்ளலாம். தொழிற்கூடங்களில் அதற்கு ‘ஜிக்’ என்று பெயர்.

12 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட்டில், செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களும் 15 சென்டிமீட்டர் உள்ள முக்கோணம் ஒன்றை அறுத்துக்கொள்ளுங்கள். செங்கோண முனையைச் சிறிது வெட்டிவிட்டால், பிதுங்கும் பசை அங்கே ஒட்டாது. கிளாம்ப் நுழைய இரண்டு துளைகள் இடுங்கள். ஓரங்களில் மெழுகு தேயுங்கள். இதைப் பெட்டியின் உள்மூலையில் வைத்து, இரு பலகைகளையும் இதனோடு சேர்த்து இறுக்கினால் மூலை அசையாது.

தேக்குப் பலகை ஆகாதா என்று கேட்கலாம். ஐப்பசி மழையில் எங்கள் அபிராமபுரத்து வீடுகளில் கதவுகள் இறுகிக்கொள்வதே அதற்குப் பதில். ஈரக் காற்றில் மரம் அகலவாட்டில் உப்பும். நீளவாட்டில் மாறுதல் மிக அற்பம். ஆகையால் அதன் கோணமும் பருவத்துக்குப் பருவம் சற்று மாறக்கூடும். பிளைவுட்டிலோ அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், ஒன்றையொன்று தடுத்து நிறுத்துகின்றன.

ஆனால் கோணலான ஜிக் ஒன்று இருந்தால், அதில் செய்யும் பெட்டிகள் அத்தனையும் கோணலாகும். ஆதலால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். பலகையின் நேரான விளிம்பில் பொருத்தி ஒரு கோடு இழுங்கள். பிறகு ஜிக்கைப் புரட்டி, அக்கோட்டோடு சேர்த்து வையுங்கள். விளிம்பும் கோடும் முழுதும் ஒட்டி நின்றால் சரி. விலகினால், கண்ணில் படுவது பிழையின் இரு மடங்கு.

பெட்டி கூடியபின் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். எதிர்ப் பக்கங்கள் சமமாயிருந்து, குறுக்களவு இரண்டும் சமமானால் மூலைகள் நேரானவை. ஒன்று நீண்டிருந்தால், பசை காயுமுன் அந்தத் திசையில் மெல்ல அழுத்துங்கள். 30-க்கு 40 சென்டிமீட்டர் பெட்டியில் குறுக்களவு 50 இருக்கும். யாக வேதிகை அமைப்பதற்காகப் போதாயன சுல்ப சூத்திரம் கூறிய விதியும் இதுவே.

1937-ல் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மகாநாட்டுக்குப் பின், ஜாகிர் ஹுசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் தச்சுவேலையும் இடம்பெற்றது. அதன் நியாயம் இங்கே விளங்குகிறது. கணக்குத் தாளில் பிழையை ஆசிரியர் சுட்டிக் காட்ட வேண்டும்; பெட்டியின் மூலையிலோ பையன் தானே காண்கிறான், தானே திருத்துகிறான். அப்படித் திருத்தியவனுக்குத் தச்சரின் உழைப்பு அற்பமாகத் தோன்றாது. இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஒரு துண்டுப் பிளைவுட்டும் ஒரு ரம்பமும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.