குட்டி யானைக்கு ஒரு வக்காலத்து
"பழைய குட்டி யானையை வாங்குவது, மெக்கானிக்குக்கு மாதச் சம்பளம் கொடுப்பது மாதிரி" என்கிறார் நண்பர். புதுசுக்குக் கட்டும் தவணை யாருக்குச் சம்பளமாம்? வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் பைனான்ஸ்காரர் வாசலில் நிற்பார். கிளட்ச் தேய்வதாவது வண்டி ஓடினால்தான்.

குட்டி யானை என்று நாம் அழைக்கும், 2005இல் வந்த டாடா ஏஸின் 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினில் சென்சார் வம்பு கிடையாது. தெருமுனைப் பட்டறையிலேயே பிரித்து மாட்டிவிடுவார்கள். பிஎஸ்-6 வண்டியில் ஒரு விளக்கு எரிந்தால் ஸ்கேனர் தேடி அலைய வேண்டும்.

நண்பர் ஏமாந்த கதையும் தெரியும். பளபளக்கும் பெயின்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவர் அவர்! எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்: புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அப்புறம் தொட்டிக்கு அடியில் குனிந்து சேஸிஸை ஸ்குரூ டிரைவரால் குத்த வேண்டும். மீன் லோடு அடித்த வண்டி என்றால் துரு பொருபொருவென்று உதிரும். ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எட்டு வயது தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அந்தச் செலவை விலை பேசும்போதே கழிக்கத் தெரியாதவர், தாராளமாகப் புது வண்டியே வாங்கட்டும்.